குடும்பத்தார் மட்டும் பார்க்க

படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனைப் போல ஒரு முட்டாள் கிடையாது.

இதைச் சொல்வது நானில்லை, என் உத்தியோகம். இன்சூரன்ஸ் பாரத்தை நீட்டி, "பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதே, அதையும் ஒரு தடவை பாருங்கள்" என்று இந்த வட்டாரத்து லாரி முதலாளிகளிடமும் கோழிப்பண்ணைக்காரர்களிடமும் நாள் தவறாமல் மன்றாடுகிறவன் நான். அவர்கள் பார்ப்பதில்லை. "நீங்க படிச்சிருப்பீங்கல்லோ, அது போதுமுங்க" என்று போட்டுவிடுவார்கள். நான் வீட்டுக்கு வந்து, ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதாது என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வேன்.

அந்த நானேதான், போன வாரம், வீடியோ லைப்ரரியில் ஒரு பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதுவும் எப்படி... பெயருக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து.

நான் பத்திரிகையில் எழுதுவது தெரிந்த கடைக்காரர், "எழுத்தாளர் கையெழுத்துன்னா கையெழுத்துதான் சார்" என்றார். அதற்கு மேல் எவனால் படிக்க முடியும்?

கதை எங்கள் வீட்டுக்காரர் நல்லமுத்துவிடமிருந்து ஆரம்பிக்கிறது. நாமக்கல்லில் அவருடைய மாடியில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி, பெட்டி படுக்கையோடு வந்து நின்றவனை, "சாப்பிட்டீங்களா சாமி?" என்று கேட்டவர். "ஆச்சு" என்று சொன்னேன். நம்பவில்லை. இன்றுவரை நம்புவதில்லை.

அவருக்கு மல்லசமுத்திரம் பக்கம் தோட்டம் இருக்கிறது. இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இளையவள் வசந்தாமணி டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள். அவளை, திருச்செங்கோடு பக்கத்திலிருந்து குப்பணன் என்பவர் தன் பையனுக்காக வந்து பார்த்துவிட்டுப் போனார். குப்பணனுக்கு ரிக் வண்டித் தொழில். ஊர் ஊராய்ப் போய் பூமியைத் துளைத்துப் பாறைக்கடியிலிருந்து தண்ணீரை வரவழைக்கிற மனிதர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவழைக்க இன்னும் மெஷின் கண்டுபிடிக்கவில்லை.

பெண் பார்த்தார். காபி குடித்தார். "வாரேனுங்க" என்றார். போனார்.

அவ்வளவுதான். மாதக் கணக்காகிவிட்டது. பெண் பிடித்திருக்கிறதா இல்லையா... மூச்!

நடுவில் நின்று பேசியவர் யாராவது இருப்பாரே என்கிறீர்களா? இருந்தார். ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டார். பீகாரா, ஒரிஸ்ஸாவா, யாருக்கும் தெரியாது. அங்கே தண்ணீர் வந்தால்தான் இங்கே அவர் வருவார்.

"நீங்களே நேரில் போய்க் கேட்டுவிடலாமே" என்று நல்லமுத்துவிடம் யோசனை சொன்னேன்.

ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். "நாம பொண்ணு ஊடுங்க. நாமளாப் போயிக் கேட்டா, பொண்ணைத் தள்ளி உடப் பாக்கறாங்கன்னு ஆயிருமுங்க."

"சரி, அவர்கள் ஏன் சொல்லவில்லை?"

"அதுதானுங்களே தெரீலை."

கேட்கக் கூடாது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காக எங்கள் கீழ்வீட்டில் ஒரு துப்பறியும் இலாகாவே நடந்துகொண்டிருந்தது. நல்லமுத்துவும் அவர் சம்சாரம் ருக்குமணியக்காவும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து தடயங்களை ஆராய்வார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து நானும் கேட்பேன்.

"சந்தையில என்னயப் பாத்துச் சிரிச்சாரு."

"உங்களைப் பாத்தா, உங்க பக்கத்துல நின்ன மாட்டைப் பாத்தா?"

"பொதுவாச் சிரிச்சாரு."

"அவரு ஊட்டம்மாவைக் கோயில்ல பாத்தனுங்க. நம்ம வசந்தாமணிக்குப் பூக் கொடுத்தாங்க."

"கொடுத்தாங்களா, தலையில வெச்சு உட்டாங்களா?"

ருக்குமணியக்கா வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். "கொடுத்தாங்க."

அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது. வசந்தாமணி பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனைவி மூலம் எனக்குத் தகவல். வேறு இடம் பார்க்கலாமா என்று யாரோ ஒரு அத்தை ஆரம்பித்தபோது, அந்தப் பெண் எழுந்து மாடிக்கு வந்து, எங்கள் வீட்டு ஜன்னலோரம் நின்று, தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டே இருக்கிற பெண். எனக்கே சங்கடமாகிவிட்டது.

இந்தச் சமயத்தில் மூத்த பெண்ணின் குழந்தைக்குத் தோட்டத்தில் காதுகுத்து வைத்தார்கள். குப்பணன் குடும்பத்துக்கும் அழைப்பு போயிற்று. "வாரமுங்க" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை இரண்டு நாள் ஆராய்ந்தார்கள்.

பந்தி முடிந்ததும் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? சாயங்காலம் வரை உட்கார வைத்தால்தானே ஏதாவது பேச்சு வரும்? நல்லமுத்து ஒரு திட்டத்தோடு மாடிக்கு வந்தார்.

"சார், நீங்க வீடியோ லைப்ரரியில மெம்பருங்கல்லோ?"

எனக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. எங்கள் தெருவில் வீடியோ லைப்ரரி மெம்பர் நான் ஒருவன்தான். டெக் இல்லை, டி.வி. இல்லை, ஆனால் மெம்பர்.

"ஒரு டி.வி., டெக்கு, ரெண்டு கேசட்டு புடிச்சுக் கொடுத்தீங்கன்னா..."

"கவலையை விடுங்கள். என்ன படம்?"

அதற்கும் தயாராக வந்திருந்தார். "ஊட்டை உட்டு ஓடிப்போற படம் வேண்டாமுங்க. கல்யாணம் நின்னு போற படம் வேண்டாமுங்க. சம்பந்திங்க சண்டை போட்டுக்கற படம் வேண்டவே வேண்டாமுங்க."

லைப்ரரிக்காரரிடம் இந்த மூன்று நிபந்தனைகளையும் சொன்னேன். அவர் அலமாரியின் முன்னால் நீண்ட நேரம் நின்றார்.

"இதெல்லாம் இல்லாம தமிழ்ல படமே எடுக்கலையே சார்."

கடைசியில் ஒரு பக்திப் படமும் ஒரு காமெடிப் படமும் எடுத்து வைத்தார். பிறகு பாரத்தை எடுத்துக்கொண்டு, ஐயர் சங்கல்பம் சொல்கிற வேகத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தார். புதுச் சட்டம் வந்த பிறகு எல்லா லைப்ரரியிலும் இப்படித்தானாம். டப்பாவின் மேல் சென்சார் சர்டிபிகேட்டும் உரிமைக்காரர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பிரதி எடுக்கக் கூடாது. அப்புறம் இன்னும் என்னென்னவோ. நான் சுவரில் ஒட்டியிருந்த நடிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இங்க ஒண்ணு போடுங்க சார்" என்றார். போட்டேன். இரண்டு கோடு, ஒரு புள்ளி.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து நன்றாகவே நடந்தது. குழந்தை தாய்மாமன் முறைக்காரர் ஒருவர் மடியில் உட்கார்ந்து தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அழுதது. பந்தியில் குப்பணனைப் பார்க்கிற மாதிரி இடமாகப் பார்த்து நல்லமுத்து நின்றுகொண்டார். பாயசம் பரிமாறினார்கள். குப்பணன் குடித்தார். நல்லமுத்து திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தார். நல்லமுத்து கண்ணாலேயே ருக்குமணியக்காவுக்குத் தந்தி அடித்தார்.

சாப்பாடு முடிந்து படம். பகல் வெளிச்சத்தில் டி.வி. தெரியாதே! அதனால் கடலைக்காய் மூட்டை அடுக்குகிற கிடங்கைக் காலி செய்து, ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி, கதவை ஒருக்களித்துச் சாத்தி வைத்திருந்தார்கள். மிச்சம் வைத்த நாலு மூட்டைகளின் மேல் டி.வி. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஒரு கயிறு. முன்னால் தரையில் பாய், பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. வெளிச்சம் உள்ளே வராமல் கதவைப் பார்த்துக்கொள்ள நல்லமுத்துவின் பங்காளி ஒருவர், கையில் டார்ச் லைட்டோடு. பாதிப் படத்தில் முறுக்கும் சுக்குக் காபியும் தருவதாக ஏற்பாடு.

இது எந்த இடம் மாதிரி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அதேதான் பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸ்காரருக்கும் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு மேட்னிக்கு அவர் கொட்டகையில் ஆளே இல்லையாம். ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

பக்திப் படத்தில் அம்மன் பிரசன்னமாகிற நேரத்துக்குச் சரியாக சப்-இன்ஸ்பெக்டர் கதவருகே வந்து நின்றார். இளைஞர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், புதிதாக இங்கே வந்திருக்கிறார். டார்ச் லைட் பங்காளிக்கு வெயிலுக்கு எதிரே நின்றவரின் காக்கிச் சட்டை தெரியவில்லை. பழக்கதோஷத்தில் மெதுவாகச் சொன்னார்:

"தரையில எடமிருக்குதுங்க. சேர் வேணுமின்னா இன்டர்வெல் வரைக்கும் நிக்கோணுமுங்க."

இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்தப் போலீஸ்காரரும் எங்கேயும் வாங்கியிருக்க முடியாது.

கதவு முழுசாகத் திறந்தது. வெளிச்சத்தில் அம்மன் காணாமல் போனாள். யாரோ டெக்கை நிறுத்தினார்கள். நூறு பேருக்கு மேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலைப் பார்த்தோம்.

"யார் இதை நடத்துறது? லைசென்ஸ் இருக்கா?"

நல்லமுத்து எழுந்து ஓடினார். "வாங்க வாங்க. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட வரலைங்க. லைசென்ஸ் இருக்கான்னு கேட்டேன்."

இந்த இடத்தில் உங்கள் அன்பன் ஒரு காரியம் செய்தான். சும்மா இருந்திருக்கலாம். பத்திரிகையில் எழுதுகிறவன் சும்மா இருப்பானா? "ஒரு நிமிஷம் சார்" என்று முன்னால் போய், சட்டைப் பையிலிருந்து லைப்ரரி பாரத்தை எடுத்துப் பிரித்து, சபைக்கெல்லாம் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தேன். முதல் தடவையாக.

"கேசட்டைப் பிரதி எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. உள்வாடகைக்கு விடக் கூடாது. விடவில்லை. பார்ப்பவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நாங்கள் சோறு போட்டிருக்கிறோம், கட்டணம் வாங்கவில்லை." ஒவ்வொன்றுக்கும் என் குரல் ஏறியது. கூட்டம் தலையாட்டியது. "வீட்டில், குடும்பத்தார் மட்டும்..."

குரல் இறங்கிவிட்டது.

"நிறுத்திட்டீங்களே. முழுசாப் படிங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"...குடும்பத்தார் மட்டும் பார்க்க வேண்டும். வெளியாருக்குக் காட்டக் கூடாது. மீறினால் கீழே கையெழுத்திட்டவரே சட்டப்படியான எல்லா விளைவுகளுக்கும் பொறுப்பு."

அவர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். "அடியில ரெண்டு கோடு போட்டிருக்கே, இது யாரு?"

"நான்தான் சார்."

அவர் கோபப்படவில்லை. பாடம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். வீட்டில் வீட்டு மனிதர்கள் பார்த்தால் அவர் ஏன் வருகிறார்? ஒரு வெளியாள் இருந்தாலும் இது பொதுக் காட்சி. பொதுக் காட்சிக்கு லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் டி.வி., டெக், கேசட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார். கையெழுத்துப் போட்டவரும் இடத்துக்குச் சொந்தக்காரரும் கூடவே ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

நல்லமுத்துவைப் பார்த்தேன். அவர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. பின்வரிசை நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருந்த குப்பணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியாக வரவேண்டியவர் கண்ணெதிரில், வீட்டுக்காரரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால்? அதற்கப்புறம் வேறு பதில் எதற்கு? கயிற்றுக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு கோடு இழுத்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இங்க வெளியாளு ஆருமில்லீங்க" என்றார் நல்லமுத்து. "எல்லாம் எங்க ஊட்டுச் சனந்தானுங்க."

"இத்தனை பேருமா?"

"ஆமாங்க."

"சரி. கேட்டுப் பாத்துடலாம்." ஒரு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முன்வரிசைப் பெரியவரைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"பங்காளிங்க."

"நீங்க?"

"நானும் பங்காளிங்க. இவுங்க பாட்டனும் எங்க பாட்டனும் அண்ணன் தம்பிங்க."

"நீங்க?"

"கொழந்தைக்குத் தாய்மாமன் மொறைங்க. இன்னைக்கு மடியில உக்கார வெச்சுக் காதுகுத்துனது நாந்தானுங்க. வேட்டி இன்னும் ஈரமா இருக்குது பாருங்க."

"அது வேண்டாம். நீங்க?"

"பெரிய பொண்ணோட கொழுந்தனாருக்கு நான் சகலைங்க."

"அது எப்படி உறவு?"

அந்த மனிதர் விளக்க ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குழம்பியது. பின்னாலிருந்து ஒருவர் திருத்தினார். அந்தத் திருத்தத்தை இன்னொருவர் மறுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து, "ரெண்டு பேரு சொல்றதும் தப்புங்க, அந்த வழியில பாத்தா இவரு எனக்குத் தம்பி ஆவோணும்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் இன்சூரன்ஸ் பாரத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மக்கள், தாய், தகப்பன். அத்தோடு கட்டம் முடிந்துவிடும். அந்தக் கட்டத்தை அச்சடித்தவர்கள் இந்தக் கிடங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "நீங்க?" என்றதும், "நான் அடுப்பைத்தானுங்க பாக்கறேன், படம் பாக்கலீங்க" என்று மறைந்துவிட்டார்.

பெண்கள் பக்கம் என் மனைவியின் முறை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ருக்குமணியக்கா சொன்னார்: "அது எம் பொண்ணுங்க." நாலைந்து பெண்கள், "ஆமாங்க, வசந்தாமணிக்கு அக்காளாட்டம்" என்று ஒத்துப்பாடினார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அம்மா இல்லை.

ஆண்களில் மிச்சமிருந்தது பின்வரிசை.

"நீங்க?"

குப்பணன் பதில் சொல்லவில்லை.

வெளியே ஆடு கத்துகிறது, அது கேட்கிறது. நல்லமுத்து வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். ருக்குமணியக்கா தூணைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதர் 'தெரிஞ்சவங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டி.வி. போகும், டெக் போகும், நல்லமுத்துவும் நானும் போவோம். அதெல்லாம் திரும்பி வந்துவிடும். கல்யாணம் வராது.

"உங்களைத்தாங்க. இந்த வீட்டுக்கு நீங்க என்ன உறவு?"

குப்பணன் எழுந்து நின்றார். துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"சம்பந்திங்க."

சப்-இன்ஸ்பெக்டர் விடவில்லை. சட்டம் படித்தவர். "எந்தப் பொண்ணைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி?"

"சின்னப் பொண்ணுங்க."

"கல்யாணம் எப்ப ஆச்சு?"

"இன்னும் ஆவுலீங்க."

"ஆகாம எப்படிங்க சம்பந்தி?"

"வார்த்தை கொடுத்தாச்சுங்க."

"எப்ப?"

"இப்பத்தானுங்க."

நல்லமுத்து ஈரக் கண்ணோடு பொத்தென்று கடலை மூட்டைமேல் உட்கார்ந்தார். அது டி.வி. இருந்த மூட்டை, பக்கத்திலிருந்தவர் டி.வி.யைப் பிடித்துக்கொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் குப்பணனின் சம்சாரம் எழுந்து போய், தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி வசந்தாமணியின் தலையில் வைத்தார்.

வைத்தார். கொடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. "சரி. எல்லாரும் குடும்பந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கும்போது, பாரம் கையில் இருந்ததால் ஞாபகம் வந்ததோ என்னவோ, என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நீங்க?"

இருந்த சந்தோஷத்தில் எனக்கு உண்மை வந்துவிட்டது.

"மாடியில வாடகைக்கு இருக்கேன் சார்."

நல்லமுத்து, "அவரும் நம்ம..." என்று எழுந்தார். கொஞ்சம் தாமதம்.

"சொந்த ஊர்?"

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"இவங்களுக்கு உறவு?"

"மாதம் அஞ்சாம் தேதி வாடகை கொடுப்பேன் சார்."

அவர் கிடங்கை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "அப்ப இந்த இடத்துல பொதுமக்கள்னு பாத்தா நீங்க ஒருத்தர்தான். பொதுமக்களுக்குப் படம் காட்ட ஏற்பாடு பண்ணினவரும் நீங்கதான்."

பாரத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வெளிய வாங்க. நீங்க இல்லேன்னா இது குடும்பக் காட்சி. கேஸ் இல்லை."

வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. டெக் மறுபடி ஓடியது. அம்மன் திரும்பவும் பிரசன்னமானாள். உள்ளே எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. டார்ச் லைட் பங்காளி மட்டும் எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சாமி, சட்டமுங்க" என்று இழுத்துச் சாத்தினார். உள்ளே இருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி குடும்பம், புருஷன் பொதுமக்கள். இது எந்தச் சட்டத்தில் வரும் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். அன்றைக்குப் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

வேப்பமரத்தடியில் சப்-இன்ஸ்பெக்டருக்கு இலை போட்டுவிட்டார்கள். அவர் எவ்வளவோ மறுத்தார். ருக்குமணியக்கா, "எம் பொண்ணுக்கு வார்த்தை வாங்கிக் கொடுத்துட்டு வெறும் வயித்தோட போவீங்களா?" என்று கேட்டார். போலீஸ் இலைக்கு முன்னால் உட்கார்ந்தது. பொதுமக்களுக்கும் பக்கத்திலேயே ஓர் இலை போட்டார்கள். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். அந்த வீட்டில் அதை யார் நம்பப் போகிறார்கள்?

பாதிச் சாப்பாட்டில் அவர் தணிந்த குரலில், "பாரத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடக் கூடாதா சார்? என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

இன்சூரன்ஸ் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பத்திரிகையில் எழுதுகிறேன்" என்றேன்.

"அதானே" என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் கிடங்குக் கதவைத் திறந்துகொண்டு குப்பணன் வெளியே வந்தார். தொட்டியில் முகம் கழுவினார். நேராக வந்து, வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் பிடிக்கவில்லையா, அல்லது ஒரு ஆள் தனியாக வெளியே உட்கார்ந்திருக்கிறானே என்று வந்தாரா, தெரியவில்லை. பேச மாட்டார் என்று தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தோம்.

என்னால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"ஏங்க, பொண்ணை உங்களுக்கு எப்போ பிடிச்சுது?"

"பாத்த அன்னைக்கேங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கீழ்வீட்டுத் துப்பறியும் இலாகா, சந்தைச் சிரிப்பு, ஜன்னலோரம் நின்ற பெண், காலி செய்த கிடங்கு, மூன்று நிபந்தனைப் படம், நான் இழுத்த இரண்டு கோடு... எல்லாம் ஒன்றாக நெஞ்சில் வந்து நின்றது.

"அப்புறம் ஏங்க இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவே இல்லை?"

குப்பணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆருமே கேக்கலீங்களே."